ஐந்து மணி நான்கு நிமிட அறிவிப்பு

இது கதை இல்லை. நம்பாதவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களோடு வாதாட இப்போது தெம்பில்லை. தேதி, நேரம் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

என் பெயர் ரோவேனா. பிலிப்பைன்ஸ்காரி. ஜப்பானில் தோயாமா பக்கம், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. பனி உருகுகிற மார்ச் மாதத்தில் போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வாடகைக்குக் கிடைத்தது ஒரு பழைய ஓட்டு வீடு. பின்னால் வயல். முன்னால் தெருவும், தெருவை ஒட்டி ஆழமான வாய்க்காலும். வாய்க்கால் பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் பத்து நிமிடம் போனால் இல்லம் வந்துவிடும்.

சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரர் குவபாரா சமையலறைச் சுவரில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினார்.

"பூகம்பம், சுனாமின்னா இதுலதான் சொல்லுவாங்க. பிளக்கப் புடுங்கிடாத."

"முன்னாடி யாரு இருந்தாங்க?"

"யாரோ இருந்தாங்க," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தினமும் மாலை சரியாக ஐந்து மணிக்கு அந்தப் பெட்டியில் ஒரு பாட்டு வரும். வெளியே கம்பத்து ஸ்பீக்கரிலும் அதே பாட்டு. பிறகு ஒரு பெண் குரல், குழந்தைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும். ஊரே அதை வைத்துத்தான் அடுப்பைப் பற்றவைக்கும். ஒரு வாரத்தில் எனக்கும் பழகிவிட்டது.

பழகாதது பக்கத்து வீட்டு நெசு சான். (சான் என்பது அங்கே மரியாதைக்குப் பெயரோடு சேர்ப்பது.) எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் வைத்த குப்பைப் பையை அடிக்கடி என் வாசலுக்கே திரும்பக் கொண்டுவருவார்.

"இன்னைக்கு எரியிற குப்பை மட்டும்தான். நீ பிளாஸ்டிக்க வச்சிருக்க."

"மன்னிச்சிடுங்க நெசு சான்."

"நேத்து கானாங்கெளுத்தியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பையில முள்ளு கெடக்கே. உப்பு ஜாஸ்தி போட்டிருப்ப, வாசனையே சொல்லுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எப்போது போகிறேன், வருகிறேன், என்ன தின்கிறேன்... எல்லாம் அந்த ஜன்னலுக்குத் தெரிந்திருந்தது. திரை அசையும். ஆள் தெரியாது.

ஏப்ரல் கடைசியில்தான் அந்த இன்னொரு குரலைக் கவனித்தேன்.

ஐந்து மணிப் பாட்டு தொடங்கி நான்கு நிமிடம் கழித்து வரும். ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விடும். எனக்கு ஒன்றிரண்டு சொற்கள்தான் புரிந்தன. "பெண்." "காணவில்லை."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. வயதானவர்கள் நிறைந்த ஊர். ஞாபகம் தப்பி யாராவது வெளியே போய்விட்டால் ஸ்பீக்கரில் சொல்வது வழக்கம்தான். ஜூலையில் எனக்கு ஜப்பானிய மொழித் தேர்வு இருந்தது. காதில் விழுந்ததை எழுதிப் பழக இது நல்ல வழி என்று நினைத்தேன். தினமும் 5:04க்கு நோட்டோடு உட்கார்ந்துவிடுவேன்.

மே 9. "பெண். வெளிநாட்டவர்."

மே 17. "உயரம் நூற்று ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர்."

மே 28. "வயது இருபத்தாறு. பெயர் தெரியவில்லை."

என் உயரம் நூற்று ஐம்பத்து மூன்று.

அன்று எழுந்து பெட்டியை நன்றாகப் பார்த்தேன். யாராவது விளையாடுகிறார்களா? பின்னால் ஒயர் ஏதும் போகிறதா? ஒன்றும் இல்லை. நெசு சான் வீட்டுத் திரை மட்டும் அசைந்தது.

நோட்டை இல்லத்துக்கு எடுத்துப்போய், கூட வேலை செய்யும் இசோகாவாவிடம் காட்டினேன். என்னைவிட இருபது வயது மூத்தவள், வாய் ஓயாதவள். அங்கே எனக்கு இருந்த ஒரே தோழி.

"அட, தப்பே இல்லையே! பரீட்சையில பாஸ்தான் போ. எதப் பாத்து எழுதின?"

"பாக்கல. ஸ்பீக்கர்ல கேட்டு எழுதினேன். அஞ்சு நாலுக்கு வருமே."

அவள் நோட்டை மூடினாள்.

"அஞ்சு மணிக்குப் பாட்டு மட்டும்தான்டி வரும். எங்க வீட்லயும் பெட்டி இருக்கு. ஆம்பள குரலே அதுல வந்தது கெடையாது."

பொய் சொல்கிறாளோ என்று தோன்றியது. ஊரே சேர்ந்து என்னை ஏதோ செய்கிறதோ என்றும் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் நேராக நெசு சான் கதவைத் தட்டினேன்.

"அஞ்சு நாலுக்கு ஒரு அறிவிப்பு வருதே... அது யாரு பேசறது?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"உனக்குமா கேக்குது?"

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.

ஜூன் 19. புதன்கிழமை. மதியத்திலிருந்து மழை.

என் பழைய மழைக்கோட்டு கிழிந்திருந்தது. 4:10க்குக் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். என் அளவில் பச்சை மட்டும்தான் மிச்சம் இருந்தது. 4:35க்கு வீடு. பையிலிருந்து எடுத்து வாசலுக்கு உள்பக்கம் இருந்த ஆணியில் மாட்டினேன். விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. ஆறு மணிக்கு ஷிஃப்ட். ஐந்தேகாலுக்கு மேல் கிளம்பினால் போதும்.

5:00. பாட்டு.

5:04.

முதல்முறையாக எல்லாமே புரிந்தது. ஒரு சொல் விடாமல்.

"காணாமல் போனவர் பற்றி... அறிவிக்கிறோம். பெண். வெளிநாட்டவர். வயது இருபத்தாறு. பச்சை நிற மழைக்கோட்டு... அணிந்திருந்தார். இன்று மாலை ஐந்து இருபதுக்கு... சைக்கிளில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்... திரும்பவில்லை."

கடிகாரத்தைப் பார்த்தேன். 5:06.

ஐந்து இருபது இன்னும் வரவே இல்லை.

இசோகாவாவுக்கு ஃபோன் செய்தேன். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினேன்.

"கெளம்பாத. கதவப் பூட்டிக்க. நானே கார்ல வரேன்."

பூட்டினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

5:15. மழை.

5:18. மழை நின்றது. சட்டென்று. யாரோ குழாயை மூடியது போல...

5:20.

வெளியே என் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம்.

டக்.



சக்கரம் சரளைக்கல்லில் உருண்டது. சரசர... சரசர... வாசல் பக்கத்து மங்கல் கண்ணாடியில் ஏதோ மெதுவாக நகர்ந்தது.

பச்சை.

என் உயரம்.

கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது.

நான் வாசல் ஆணியைப் பார்த்தேன். என் மழைக்கோட்டு அங்கேயே தொங்கியது. சீட்டோடு.

வெளியே மணி ஒருமுறை அடித்தது. கிணிங்.

பிறகு சங்கிலிச் சத்தம் பாலத்துப் பக்கமாகப் போனது...

5:31. கார் வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது.

"ரோவேனா! உள்ள யாராவது இருக்கீங்களா?"

யாராவது என்று ஏன் கேட்கிறாள்? நான் திறக்கவில்லை. அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் திறந்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினாள்.

"நீ... இப்பதானே பாலத்துல போன? பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு. ஹாரன் அடிச்சேன். நீ திரும்பவே இல்ல."

இருவரும் வெளியே பார்த்தோம். சைக்கிள் இல்லை.

அன்று அவள் வீட்டில் படுத்தேன். படுத்தேன், அவ்வளவுதான். தூங்கவில்லை. காலையில் போலீஸில் சைக்கிள் திருட்டு என்று எழுதிக்கொடுத்தோம். வேறு என்ன எழுத?

10:40க்கு வாய்க்கால் மதகில் என் சைக்கிள் கிடைத்தது. கயிறு கட்டித் தூக்கினார்கள். அதோடு மாட்டிக்கொண்டு இன்னொரு சைக்கிளும் மேலே வந்தது. துருவேறி, சேறு அப்பி... அதற்குக் கீழே இருந்ததை எங்களைப் பார்க்கவிடவில்லை. நீலத் தார்ப்பாயைப் பிடித்து மறைத்தார்கள். அதற்குள் நான் ஒரு பச்சைத் துணியைப் பார்த்துவிட்டேன்.

வீட்டைக் காலி செய்த அன்று நெசு சான் தானாகவே வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"உனக்கு முன்னாடி இங்க ஒரு வியட்நாம் பொண்ணு இருந்தா. மீன் ஆலையில வேல. ரெண்டு வருஷம் முன்னாடி, இதே ஜூன் மாசம். ஒருநாள் வேலைக்குப் போகல. ஆலைக்காரங்க ஓடிப்போயிட்டான்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நாங்களும் அப்படித்தான்னு இருந்துட்டோம்."

"அவ பேரு என்ன?"

"கேக்கவே இல்லம்மா."

போகத் திரும்பியவர் நின்று மறுபடி சொன்னார்.

"அவளும் என்கிட்ட வந்து கேட்டா. அஞ்சு நாலுக்கு யாரையோ காணோங்கறாங்களே, யாருன்னு. காது கோளாறு போலன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நான் அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. இசோகாவாவைக் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பெண் காணாமல் போனபோது ஸ்பீக்கரில் படித்த அறிவிப்பைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அதைப் படித்த ஆண் யார் என்றும் கேட்டேன்.

இளம் அதிகாரி ஒருவர் பதிவேட்டைப் புரட்டினார். முதலில் இரண்டு வருடம். பிறகு ஐந்து. பிறகு எழுந்து போய் இன்னொரு பதிவேடு எடுத்துவந்தார். கடைசியில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"அறிவிப்பு எல்லாமே மெஷின்ல இருக்கிற பெண் குரல்தாங்க. ஆண் குரலே கெடையாது. அப்புறம்... அந்தப் பொண்ணக் காணோம்னு யாரும் எங்ககிட்ட வரவே இல்ல. அவளத் தேடி இந்த ஊர்ல ஒரு தடவகூட அறிவிப்பு கொடுத்ததில்ல."