சாமியின் ஜீப்பு

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட "சாமி" என்று கூப்பிடுவதுதான் அதிகம். "பல்லு வெளக்கு சாமி", "சாப்புட்டயா சாமி" என்பார்கள். மாதா கோயிலில் பூசை வைக்கிற பாதிரியாரும் எங்களுக்குச் சாமிதான். மேலே இருக்கிறவரும் சாமி. ஒரே சொல்லில் மூன்று பேரை வைத்தால் குழப்பம் வராமல் இருக்குமா? எனக்கு ஏழு வயதில் வந்தது.

அப்போது நாங்கள் மஞ்சக்குட்டையில் இருந்தோம். அப்பாவுக்கு ஏற்காடு பஜாரில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை. அம்மா எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போவாள். குப்பனூரிலிருந்து அடிக்கடி வருகிற மாமா, அம்மாவின் தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். ஒருநாள் காலையில், தோசைக்காகத் தட்டோடு உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டார்.

"ஏஞ்சாமி, நீ பெரியவனாயி என்னாவே?"

நான் யோசிக்கவே இல்லை. "சாமியாட்டம் ஆவேன்."

"எந்தச் சாமி?"

"பூசைக்கு வர்ற சாமி."

அம்மா திரும்பிப் பார்த்தாள். கல்லில் கிடந்த தோசை கருகிவிட்டது. அம்மா தோசையைக் கருக விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாமியிடம் ஒரு பச்சை ஜீப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி மூடி, எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியாது. முதலில் சத்தம் வரும். அப்புறம் மஞ்சளாய் இரண்டு விளக்கு. அப்புறம்தான் ஜீப்பு. டிரைவர் கிடையாது, அவரேதான் ஓட்டுவார். வெள்ளை அங்கி பெடலில் மாட்டாமல் இருக்க, முழங்காலுக்கு மேலே சுருட்டிச் செருகியிருப்பார். ஊரில் வாடகை ஜீப்புகளும் ஓடின. ஆனால் அவற்றில் டிரைவர் மடியில்கூட ஆள் உட்காரும். ஒரே ஆளாக, ராஜா மாதிரி ஜீப்பு ஓட்ட வேண்டுமென்றால் சாமியாகத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அன்று முதல் வீட்டில் என் மதிப்பு ஏறிவிட்டது. எனக்கும் அக்காவுக்கும் ஒரு முட்டை என்றால், மஞ்சள் கரு முழுவதும் எனக்கு வந்தது.

"இன்னும் சாமியே ஆவல, அதுக்குள்ள முட்டையா?" என்று அக்கா அழுதாள்.

மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, "ஏனுங்க சாமி, மச்சானுக்கு நல்ல புத்தி வரணும்னு வேண்டிக்கோங்க" என்பார். அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவர்களிடம், "என்ற மவன் சாமியாவோணும்னு அவனா சொன்னானுங்க, நாஞ்சொல்லிக் குடுக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லாட்ஜில் கழித்துப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பை வெட்டி எனக்கு ஒரு அங்கி தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு பூசைக்கு உதவி செய்தேன். பூசை முடிந்ததும் ஜீப்பின் கதவைத் தொட்டுப் பார்க்கலாம் என்பதால் நான் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சாமியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அப்பா லீவு போட்டுக் கோழிக்குழம்பு வைத்தார். சாமி இலையில் உட்கார்ந்து, பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டார்.

"தம்பி, பெரியவனானதும் குருமடத்துல சேர்ந்து சாமியாருக்குப் படிக்கப்போறியாமே. அதப்பத்தி ஏதாவது கேக்கணுமா?"

வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அங்க எத்தன ஜீப்புங்க இருக்குது?"

"ஜீப்பா? அங்க படிப்பு, செபம், தோட்டவேலை, அவ்வளவுதான்."

"அப்ப ஓட்டறதுக்கு எப்பங்க கத்துக்குடுப்பாங்க?"

மாமாவுக்குப் புரையேறியது. சாமி கையில் எடுத்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தார். "உண்மையச் சொல்லு. உனக்குச் சாமியாகணுமா, ஜீப்பு ஓட்டணுமா?"

"ஜீப்புத்தானுங்க. சாமியாவாமயே ஓட்டலாம்னா நொம்ப நல்லதுங்க."

"அப்ப தின்ன முட்டையெல்லாம் திருப்பிக் குடுறா" என்றாள் அக்கா.

எனக்கு அடி விழும் என்று நினைத்து அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ரசச் சட்டியோடு நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து குனிந்தாள்.

"அப்ப ஜீப்பே ஓட்டு சாமி. முன் சீட்டு மட்டும் எனக்கு வெச்சிரு."

அதைச் சொல்லிக்கொண்டே சாமிக்கு ஊற்றிய ரசம் பாதி இலைக்கு வெளியே போயிற்று. சட்டி சுடுகிறது போல என்று நினைத்தேன். சாப்பிட்டதும் சாமியை வழியனுப்ப அம்மா மட்டும் ஜீப்பு வரைக்கும் போனாள்.

அடுத்த வாரம் அப்பா லாட்ஜிலிருந்து பிடி கழன்ற பெரிய வட்ட மூடி ஒன்று கொண்டுவந்து, சுவரில் ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தார். "கொண்டை ஊசி வளைவு வருது, எப்படி ஒடிப்பே, காட்டு" என்பார். நான் ஒடிப்பேன். "எதுக்கால பஸ்ஸு" என்பார். மூடியையே ஹாரனாகத் தட்டுவேன்.

அம்மா அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு கோயில் தரையைக் கழுவப் போக ஆரம்பித்தாள். மழையிலும் போனாள். நான் வளர்ந்து, லைசென்ஸ் எடுத்து, இதே மலையில் ஜீப்பு ஓட்ட ஆரம்பித்த பிறகு அவளை முன் சீட்டில் உட்காரவைத்துக் கோயில் வாசலில் இறக்கிவிடுவேன். "ஊர்ல வேற ஆளே இல்லையாம்மா?" என்று கேலி செய்வேன். "என்ற வேலைய நாந்தான செய்யோணும்" என்பாள்.

போன மாதம் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இனி போக வேண்டாம் என்று நான் சத்தம் போட்டேன். அப்போதுதான் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கைக்குழந்தையாக இருந்தபோது சேலத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் நான் கண் திறக்காமல் கிடந்தேனாம். பிழைத்தால் பையன் உனக்குத்தான், உன் வேலைக்கே விடுகிறேன் என்று அம்மா ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டாளாம். சாமி சாப்பிட வந்த அந்த மதியம் அதை அவரிடம் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டாளாம். "வாக்குக் குடுத்தது நீ, அவன் இல்ல. ஆண்டவருக்கு உன்னால முடிஞ்சத நீயே செய்" என்றாராம் அவர்.

இப்போது சனிக்கிழமைகளில் தரையை நான் கழுவுகிறேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து நான் விட்டுவிட்ட மூலையைக் காட்டுகிறாள்.

அந்த மதியம் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி நின்றேன். அம்மா ஜீப்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். எனக்காகத்தான் ஜீப்பைக் கேட்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சாமி தலையாட்டினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி திரும்பி வந்தாள்.

கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன்.