கடைசி வலையின் கயிறு

எங்கள் ஏரியில் 'போதும்' என்று சொல்வது என் வேலையாக இருந்தது. கேட்பதற்குச் சின்ன வேலைதான். அந்த ஒரு வார்த்தைக்காக விடியும் முன்பே கரைக்கு வந்து, கிழிந்த பெரிய குடைக்குக் கீழே, எலக்ட்ரானிக் தராசுக்குப் பக்கத்தில், வெயில் உச்சிக்கு ஏறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். சேலையில் ஏறிய கவிச்சு வாடை எந்த சோப்புக்கும் போகாது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர்களேதான் கட்லா இருக்கிறதா என்று கரையில் வந்து நிற்பார்கள்.

ஏரி திருமுல்லைவாயிலுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பக்கம் அடுக்குமாடி, ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, மிச்சமிருக்கிற தண்ணீரில் நாங்கள். மீன் பிடிக்க எங்கள் மீனவர் சங்கத்துக்கு அனுமதி உண்டு, அதற்கு ஓர் அளவும் உண்டு. ஒரு பருவத்துக்கு இவ்வளவு எடை என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுவார்கள். அது நிறைந்த அன்றைக்கே வலை கரையேறிவிட வேண்டும். மீறினால் அடுத்த பருவத்துக்கு அனுமதி கிடையாது, ஏரியில் குஞ்சும் மிஞ்சாது. ஆகவே பிடித்த மீன் எல்லாம் தராசில் ஏறித்தான் வெளியே போகும். கூடையில் தண்ணீர் முழுக்க வடிந்து, பாசியும் குப்பையும் பொறுக்கிய பிறகுதான் எடை போட வேண்டும். ஈரத்தோடு ஏற்றினால் தண்ணீரும் மீன் கணக்கில் சேர்ந்து, அளவு சீக்கிரம் நிறைந்துவிடும். இதில் நான் கறாரானவள். ஒரு கூடை சொட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆண்கள் முணுமுணுப்பார்கள், எனக்குக் காதே கேட்காது.

இதில் ஜிலேபி மீன் என்று ஒரு சனியன் வேறு. யாரும் கூப்பிடாமல் வந்து ஏரி முழுக்கக் குஞ்சு பொரித்துக்கொண்டு கிடக்கிறது. சந்தையில் அதை யாரும் ஆசையாகக் கேட்பதில்லை. ஆனால் தராசுக்குக் கட்லாவும் ஜிலேபியும் ஒன்றுதான். நல்ல மீன் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருக்க, ஜிலேபியாலேயே அளவு நிறைந்துபோன பருவங்கள் உண்டு. நினைத்தாலே வயிறு எரியும்.

என் வீட்டுக்காரர் இதே ஏரியில் வலை இழுக்கிறவர். கல்யாணம் ஆன நாளாக அவருடைய உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு இல்லாமல் நான் பார்த்ததில்லை. போன பருவம் தொடங்கும்போது அவருக்கு அடிவயிறு பிதுங்கிக்கொண்டு வந்தது. குடலிறக்கம் என்றார்கள். கயிற்றை இழுத்து இழுத்து வந்தது அது. ஆபரேஷன் ஆயிற்று. சில மாதம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பருவம் முழுக்க கள்ளிக்குப்பம் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, டிவியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் மட்டும் ஏரிக்குப் போய் வந்தேன்.

இங்கேதான் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் 'போதும்' என்றதும் பிடிப்பு முடிந்தது. அந்த நேரத்தில் தண்ணீரில் எந்த வலை கிடக்கிறதோ அதுதான் கடைசி வலை. அதை எல்லோரும் சேர்ந்து கரைக்கு இழுப்பார்கள், அதில் இருக்கும் மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். அந்தக் கயிற்றில் யார் கை இருந்ததோ அவர்களுக்குத்தான் அடுத்த பருவத்தில் இடம். ஆரம்பத்தில் தலைகாட்டிவிட்டு நடுவில் கம்பி நீட்டுகிறவர்களுக்காக வைத்த வழக்கம் இது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பருவம் முழுக்க வராவிட்டாலும், கடைசி வலைக்கு வந்து கயிற்றைத் தொட்டுவிட்டால் போதும். வராதவர் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஒருமுறை போனால் போனதுதான். கேட்டுக் காத்திருப்பவர்கள் எப்போதும் உண்டு.

அதனால் எனக்கு ஒரே கவலை. அவருடைய இடம் போய்விடக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, இன்றைக்கு இவ்வளவு ஆயிற்று, இன்னும் இவ்வளவுதான் பாக்கி, போன் அடித்தால் உடனே கிளம்பு, சட்டையை எடுத்து மாட்டி வைத்துக்கொள் என்று ஆரம்பித்துவிடுவேன். அவர் சரி சரி என்பார். டிவி சத்தத்தைக் கூட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். அவருக்காக நான் ஓடுகிறேன், இந்த மனுஷன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று இருக்கும்.

இன்னும் ஒரு வாரம் ஓடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அன்றைக்குக் காலையில் முதல் வலையே கனத்து வந்தது. தெர்மாகோல் தெப்பத்தில் நின்றவர்கள், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவர்கள் எல்லோரும் கூவினார்கள். கரைக்கு வந்ததும்தான் தெரிந்தது, அத்தனையும் ஜிலேபி. கூடை கூடையாக வந்து என் முன்னால் இறங்கியது. பாதி நிறுப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றோடு முடிந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அதற்குள் இரண்டாவது வலையையும் தண்ணீரில் இறக்கிவிட்டிருந்தார்கள்.

போனை எடுத்தேன். உடனே புறப்பட்டு வா என்றேன். வந்துகொண்டே இருக்கிறேன் என்றார். நான் நிறுப்பதை மெதுவாக்கினேன். இந்தக் கூடையில் பாசி இருக்கிறது, பொறுக்கு என்றேன். அதில் தண்ணீர் சொட்டுகிறது, கவிழ்த்து வை என்றேன். ஒரு கூடையை மூன்று தரம் திருப்பி அனுப்பினேன். ஜிலேபிக்குத் தலை சீவிப் பொட்டு வைத்துக் கொண்டுவரச் சொல்வாள் போலிருக்கிறது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அடுக்குமாடியிலிருந்து அரை டிரவுசரோடு நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், மீன் எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். வேறு நாளாக இருந்தால் வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன். அன்றைக்கு அவருக்கு நின்று நிதானமாகப் பதில் சொன்னேன். நேரம் போனால் சரி என்றிருந்தது.

திரும்பப் போன் அடித்தேன். ஆட்டோ கிடைக்கவில்லை என்றார். மூன்றாவது தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கூடையில் மீன் வாடத் தொடங்கியது. சங்கத் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். என் வீட்டுக்காரரோடு ஒரே தெருவில் வளர்ந்தவர், எனக்கு அண்ணன் முறை. தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏன் இழுத்தடிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மிச்சக் கூடைகளை ஏற்றினேன். கடைசிக் கூடையில் எண் ஏறி நின்றது. "போதும்" என்றேன். கம்மிய குரலில் வந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லோரும் கயிற்றுக்குப் போனார்கள். நான் எழுந்து, ஆட்டோ வரும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தண்ணீர் லாரிதான் வந்தது. தலைவர் கயிற்றைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? அவருக்குப் பதிலா நீ வந்து புடி. எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

யாரும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். காலுக்கடியில் சேறு வழுக்கியது. கயிறு நனைந்து, பாசி பிடித்து, கை நழுவியது. பிடித்த பிறகுதான் தெரிந்தது அது எவ்வளவு கனம் என்று. நாலு இழுப்பில் மூச்சு வாங்கியது, அடிவயிற்றில் எதுவோ பிடித்து இழுத்தது. இதையா இந்த மனுஷன் இத்தனை வருஷம் இழுத்தார் என்று நினைத்தேன். தராசிலிருந்து பார்த்தால் அது தெரியவே இல்லை.

வலை கரைக்கு வந்தது. பருவம் முழுக்க கண்ணில் படாத கட்லாவெல்லாம் அதில்தான் இருந்தது, ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். வலையை விரித்துவிட்டதும் வாலை அடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று. அடுக்குமாடிக்காரர் போனில் படம் பிடித்துக்கொண்டே, ஏன் விடுகிறீர்கள், ஏன் விடுகிறீர்கள் என்று பதறினார். நாங்கள் வலையை உதறிக்கொண்டிருந்தோம்.

உள்ளங்கை உரிந்து எரிந்தது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது, முதலில் நன்றாகத் திட்டிவிட்டு அப்புறம் விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கதவு திறந்திருந்தது. அவர் வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி, காலில் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. டிவி ஓடவில்லை. கிளம்பியவர் மாதிரியும் இருந்தார், கிளம்பாதவர் மாதிரியும் இருந்தார். திட்ட வந்ததை மறந்துவிட்டேன். உன் இடம் எங்கேயும் போகவில்லை, உனக்காக நான் கயிற்றைப் பிடித்துவிட்டேன் என்று கையை விரித்துக் காட்டினேன்.

அவர் என் கையையே பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நின்றேன். வரவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளினார்.

"ஆட்டோல்லாம் வந்துச்சுமே. நாந்தான் ஏறல."

ஏன் என்று கேட்டேன்.

"தெனம் வர்றியா வர்றியான்னு கேட்ட. வேணுமான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? எனுக்கு முடியலமே. ஒடம்பு தேறிடுச்சு, மனசு தேறல. அந்தக் கயித்த நெனச்சாலே பயமா கீது."

சொல்லிவிட்டு அழுதார். வலைக்காரர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இனி வரமாட்டேன் என்று அவர் சொல்லாமல் முடித்துக்கொள்ள நினைத்ததை, நான் போய் இன்னொரு வருஷத்துக்கு முடிச்சுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் முடியவில்லை என்று சொல்லலாம் போலிருந்தது. சொல்லவில்லை. எழுந்து போய் உலை வைத்தேன்.

மறுநாள் கரையில் வலை அலசிக்கொண்டிருந்தார்கள். தலைவரிடம் போய், என் வீட்டுக்காரர் இனிமேல் வரமாட்டார், அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் வலையிலிருந்து பாசியை உருவிக்கொண்டே கேட்டார். கோபப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"அவரு எடம் நேத்தே போச்சும்மா. கயித்துல எவன் கை இருந்துச்சோ அவனுக்குத்தான் எடம். நேத்து இருந்தது உன் கை. வேணுமா வேணாமான்னு நீ சொல்லு."

தலைவர் வேணுமா என்று கேட்டது காதில் உறைத்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்றால் வீட்டிலிருந்து வலைக்குப் போக ஆளே கிடையாது. தராசில் யார் உட்காருவது என்று கேட்டேன். உன் வீட்டுக்காரருக்கு எண் தெரியாதா, உட்காரத் தெரியாதா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். இந்த முறை முதலில் அவருக்கு வேணுமா என்று கேட்டேன். உட்காருகிறேன் என்றார்.

இந்தப் பருவம் நான்தான் கயிற்றில் நிற்கிறேன். பழைய பேண்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்குகிறேன். பழகிவிடும் என்றார்கள், பழகவில்லை. வீட்டுக்குப் போனால் தோள் கழன்று விழுகிறது. அவர்தான் சோறு வடிக்கிறார், என் உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறார். பேச்சு அதிகம் கிடையாது.

கரையில் அதே கிழிந்த குடைக்குக் கீழே அவர் உட்கார்ந்திருக்கிறார். நேற்று கூடைகள் போய்க்கொண்டிருந்தபோது தலைவர் அவரைப் பார்த்துச் சத்தம் போடுவது தண்ணீரில் நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது. தண்ணி வடியட்டும்யா, அதுவும் கணக்குல ஏறுது, பாசியப் பொறுக்குய்யா, இன்னா அவசரம் உனக்கு என்று கத்தினார். என் வீட்டுக்காரருக்குக் காதே கேட்கவில்லை. சொட்டச் சொட்ட அடுத்த கூடையையும் தராசில் ஏற்றினார்.

பருவம் முடிய இன்னும் எவ்வளவு பாக்கி என்று வீட்டில் நான் கேட்பதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கமே பார்த்தபடி நிற்கிறேன். தலைவர் எவ்வளவு கத்தினாலும், அவர் ஒரு கூடையைக்கூட வடியவிடுவதில்லை.