ஒலிபெருக்கியில் சொன்ன பெயர்

எப்சிபா பதினோரு ஆண்டுகளாக அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல். சனிக்கிழமை வந்தால் தோளில் ஒரு துணிப்பை. அதில் வேதப்புத்தகம், தண்ணீர் பாட்டில், ஒரு கட்டு துண்டுப் பிரதிகள். தோணிரேவுப் பக்கம் படகேறி எதிர்க்கரைக் குப்பத்தில் இறங்குவாள்.

"இன்னாமா, இன்னிக்காவது உன் வலைல ஏதாச்சும் மாட்டுமா?" என்பார் படகுக்கார எல்லப்பன்.

முதல் ஆண்டு அதற்கு உண்மையாகவே சிரித்தாள். பிறகு சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

அவளுக்கு இந்த ஊழியத்தை யாரும் கொடுக்கவில்லை. புருஷன் பொன்னுரங்கம் சூளை வேலைக்கென்று சூலூர்ப்பேட்டைப் பக்கம் போனவன், போனவன்தான். அந்த ஆண்டு அவள் சோற்றை மறந்து கிடந்தபோது, ஏரிக்கரை ஜெபவீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்து வாயில் ஊட்டினார்கள். மூன்றாம் மாதம் அவள் எழுந்து உட்கார்ந்தாள். தன்னைத் தூக்கி நிறுத்திய கையைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் அவளுடைய அழைப்பு.

குப்பத்தில் தண்ணீர் கொடுப்பார்கள். மோர் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொல்வார்கள். பிள்ளை தேறியதும் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். துண்டுப் பிரதியில் கருவாடு மடிப்பதை அவளே பார்த்திருக்கிறாள். பதினோரு ஆண்டில் உட்கார்ந்து கேட்டது ஒரே வீடு. சகாதேவன் வீடு.

சகாதேவன் கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி. இயேசு சொன்ன பக்கம் வலை போட்டு மீன் குவிந்த கதையைச் சொன்னால்கூட அப்படித்தான்.

"ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் கெடைக்கலைன்னு சொல்றியேக்கா, இன்னா வலை அது?"

"வலைதான்பா."

"வலைன்னா? வீச்சு வலையா, சுத்துவலையா? வலது பக்கம் போடுன்னாரே, காத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவன் பெண்சாதி வசந்தா அடுப்பங்கரையிலிருந்து கத்துவாள். "யோவ், அந்தக்கா சோறாக்குறவங்க. அவங்களாண்ட போய் வலை கணக்கு கேக்குற."

எப்சிபா போய் ஜெபவீட்டுப் பாஸ்டர் பெலிக்ஸிடம் கேட்டாள். அப்படியெல்லாம் ஆராயக்கூடாது, விசுவாசிக்க வேண்டும் என்றார் அவர். அடுத்த சனிக்கிழமை அதை அப்படியே வந்து சொன்னாள். சகாதேவன் ஊசியும் நூலுமாக வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டே பேசினான்.

"அவரு தச்சரு இல்லக்கா? ஒரு தச்சன் வந்து இந்தப் பக்கம் வலை போடுன்னா எங்க ஊர்ல ஒர்த்தன் கேப்பானா? வேலையப் பாத்துனு போய்யாம்பான். அவங்க போட்டாங்க பாரு. அவரு மூஞ்சில இன்னாவோ இருந்திருக்கணும். எனக்கு மீனு ஆச்சரியமில்ல, அதான் ஆச்சரியம்."

அன்றைக்குப் படகில் திரும்பும்போது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லப்பன் கேலி பேசவில்லை.

ஓராண்டு கழித்து, படகில் தனியாக இருக்கும்போது தான் ஜெபிப்பதாகச் சகாதேவன் அவளிடம் சொன்னான். "எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். ஊருக்கு இப்ப எதுக்குக்கா? பாடு கீது இல்ல?"

பாடு என்பது ஏரியில் இறால் பிடிக்கும் முறை. யார் எந்த இடத்தில் எந்த நாளில் சுத்துவலை கட்டலாம் என்பதைப் பெயர் எழுதிய சீட்டுகளை ஒரு செம்பில் போட்டு எடுப்பார்கள். செம்பில் பெயர் இருக்கிறவனுக்கு ஏரி உண்டு. இல்லாதவன் நண்டு பொறுக்கலாம். சீட்டுக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத் தலைவனும் அம்மன் சந்நிதியில் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும்: அடுத்தவன் இடத்தில் வலை கட்டமாட்டேன், அடுத்தவன் முறையைத் தொடமாட்டேன். ஊர்ச் சண்டை இல்லாமல் ஏரி ஓடுவது அந்தச் சத்தியத்தில்தான்.

"யாராண்டயும் சொல்லமாட்டேன்" என்று எப்சிபா வாக்குக் கொடுத்தாள்.

சபையின் ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. சென்னையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஜெபவீட்டின் கூம்பு ஒலிபெருக்கி ஏரியைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கும்; சுவிசேஷம் தண்ணீரைத் தாண்டிப் போகட்டும் என்று பெலிக்ஸே கம்பத்தில் ஏறிக் கட்டியது. அவர் மைக்கைப் பிடித்து எப்சிபாவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இந்த அக்கா பதினோரு வருஷமா அந்தக் கரைக்குப் போறாங்க. இதுவரைக்கும் ஒரு ஆத்துமாகூட இல்ல. ஆனாலும் போறாங்க. அவங்களுக்காகப் பரிதாபப்பட்டு ஜெபியுங்க. ஒண்ணே ஒண்ணாவது ஆண்டவர் கொடுக்கணும்."

முன்வரிசையில் ஒரு அம்மாள் நாக்கால் 'ச்சு' கொட்டினாள். அந்தச் சத்தம் எப்சிபாவின் நெஞ்சில் போய் இறங்கியது. மைக் அவள் கைக்கு வந்தது. அந்த ஜெபவீட்டில் மைக்கைப் பிடித்தால் ஆட்களைப் பெயர் சொல்லி ஜெபிப்பதுதான் வழக்கம். வியாதிக்காரர் பெயர், பரீட்சை எழுதும் பிள்ளைகள் பெயர், எல்லாம் ஏரி மேல் போகும். கண்ணை மூடினாள்.

"எங்க ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். அந்தக் கரையில எனக்கு நீர் கொடுத்த சகாதேவனுக்காக ஸ்தோத்திரம். படகுல உம்மை நோக்கிக் கூப்பிடுற அந்தப் பிள்ளைக்காக ஸ்தோத்திரம்..."

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. அன்று மேல்காற்று, சத்தத்தை ஏரி மேல் கொண்டு போனது. அவள் கண்ணைத் திறந்தபோது ஏரி நடுவில் வலை வாங்கிக்கொண்டிருந்த இரண்டு படகுகளில் ஆட்கள் நிமிர்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாசலில் வசந்தா வந்து நின்றாள். தலை சீவவில்லை.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கே? மைக்ல இன்னாத்துக்கு அது பேரு?"

எப்சிபா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவளை ஓரமாக அழைத்துப் போனாள்.

"வியாழக்கெழம சீட்டு. அதுக்கு முன்னாடி ஊரு கூடுது. சாமியில்லாதவன் சத்தியத்த எவன் நம்புவான்றாங்க. பேரே போடமாட்டாங்களாம். பிள்ளைங்களுக்கு இன்னாக்கா போடுவேன், உன் நோட்டீஸயா?"

வியாழக்கிழமை எப்சிபா சமையலை உதவியாளிடம் விட்டுவிட்டுப் படகேறினாள். கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த்தலைவர் தருமலிங்கம் கெட்டவர் இல்லை. அவளுக்குப் பலமுறை மோர் கொடுத்த வீடு அவருடையதுதான்.

"அவன் எதக் கும்பிட்டாலும் எனக்கு இன்னா?" என்றார் அவர். "ஆனா கற்பூரத்து மேல அடிக்கிற கை மனசார அடிக்கணும். இல்லன்னா நாளைக்கு எவன் வலை எவன் எடத்துல இருக்கும்? சொல்லு சகாதேவா. அந்தம்மா சொன்னது நெஜமா?"

சகாதேவன் எழுந்து நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தான். அவன் மூச்சை உள்ளே இழுப்பதை எப்சிபா பார்த்தாள். வாய் திறந்தது.

"பொய்" என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் சொன்னது பொய். பதினோரு வருஷமா ஒருத்தரும் வரலன்னு எங்க சபைல என்னைக் கேவலமா பேசினாங்க. பெருமைக்கு ஒரு பேரச் சொன்னேன். எனக்குச் சோறு போட்ட வீட்டுப் பேரு வாயில வந்துச்சு. அந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. ஆண்டவர் மேல ஆணையா."

ஆணையிடக்கூடாதென்று அவள்தான் அந்தக் குப்பத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். "பாவம், ஆளு புடிக்கிற வேலைல டார்கெட் போலக்கீது." அதோடு எல்லோரும் சிரித்தார்கள். தருமலிங்கம் மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "போம்மா. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார். சகாதேவன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய்க் கற்பூரத்தின் மேல் அடித்தான். அவன் பெயர் செம்பில் விழுந்தது. நல்ல இடமே வந்ததாம், எல்லப்பன் சொன்னார்.

செய்தி ஜெபவீட்டுக்கு வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. பெலிக்ஸ் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை.

"விருந்தாளிங்க முன்னாடி பொய் சாட்சி, அக்கா. அவங்க அந்தச் சாட்சிய ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. நான் இப்ப என்ன பதில் எழுதறது?"

"தப்புதான் ஐயா."

எப்சிபா நடத்திவந்த பெண்கள் ஜெபக்குழு சபைப் பெண் வினோதினி கைக்குப் போனது. அந்த ஆண்டு எப்சிபாவுக்கு முதன்முதலில் கஞ்சி ஊட்டிய பெண்ணே ஞாயிற்றுக்கிழமை பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எப்சிபாவுக்கு அது வலித்தது என்றாலும், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினோம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடமாடினாள். தன் பெயரைக் கொடுத்து அவன் பெயரை மீட்டோம், ஆண்டவர் அறிவார் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஊருக்குள் அவளுக்கு வேறு ஆறுதல் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அதுவும் போயிற்று.

பழவேற்காடு பேருந்து நிறுத்தத்தில் பொன்னேரி வண்டிக்காக அவள் நின்றிருந்தபோது, சகாதேவன் இறால் பெட்டியோடு வந்தான். அவளைப் பார்த்ததும் விலகிப் போவான் என்று நினைத்தாள். நேராக வந்து நின்றான்.

"நல்லாக்கீறியாப்பா? வசந்தா, பிள்ளைங்க?"

"அன்னிக்கு நான் சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"ஆமாம், நெஜம்தான்னு. எங்க நைனா சாவு எடுத்தப்பகூட எனக்கு அவ்ளோ தெகிரியம் வந்ததில்ல. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. வாய்க்கு வந்திச்சுக்கா. நீ குறுக்க பூந்த."

"பாடு போயிருக்கும்டா."

"போயிருக்கும். உன்ன நான் கேட்டனா?" அவன் குரல் உடைந்தது. "மைக்ல சொல்லச் சொல்லி நான் கேட்டனா, இல்லன்னு சொல்லச் சொல்லி நான் கேட்டனா? என் பேர நீயே போட்ட, நீயே எட்த்த. இப்ப கற்பூரத்துல அட்ச்சிட்டு வந்து எந்த மூஞ்சியோட படகுல கூப்புடுவேன், சொல்லு."

அவளிடம் பதில் இருந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு துண்டுப் பிரதியே பையில் இருந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை.

"கூப்புடுறியா இப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "தெனிக்கும்தான் கூப்புடுறேன். இன்னா பண்ண சொல்ற" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வண்டி வந்தது. அவள் ஏறவில்லை. பதினோரு ஆண்டாக எதைக் கேட்டு முழங்கால் தேய்ந்ததோ, அது வந்திருக்கிறது. ஊர் நடுவில் எழுந்து நின்றிருக்கிறது. அவளே அதன் வாயைப் பொத்தியிருக்கிறாள். சந்தோஷப்படுவதா, மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள். பெலிக்ஸிடம் ஓடிப்போய், பொய் இல்லை ஐயா, அவன் நிஜமானவன், நாம் எல்லோரையும்விட நிஜமானவன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் மறுநாளே குப்பத்துக்குத் தெரியும். அடுத்த சீட்டில் அவன் பெயர் இருக்காது. இந்தத் தடவை அவன் கேட்காமல் எதையும் செய்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெபவீட்டுக்குப் போனாள். செருப்புகளுக்குப் பக்கத்தில் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். சாட்சி நேரம் வந்தது. வேலை கிடைத்தவர், காய்ச்சல் விட்டவர் என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். வினோதினி குனிந்து அவள் முழங்கையைத் தொட்டாள்.

"எத்தன நாளைக்குக்கா இப்டி ஒக்காந்துனு இருப்பே? எந்திரிச்சு ஏதாச்சும் சொல்லேன். ஆண்டவர் உனக்கு ஒண்ணுமே செய்யலையா?"

எப்சிபா தலையை ஆட்டினாள்.

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லடி" என்றாள்.