ராணிக் கண்ணாடிக்குச் சொன்ன பெயர்

அன்று ராத்திரி யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். பொம்மைக் கம்பெனியில், சோதனை பெஞ்சில் நைட் ஷிப்ட்.

அக்கா. என் கூடப்பிறந்தவள் இல்லை. அந்தப் பிரிவில் ஒன்பது வருஷமாக இருப்பவள். எல்லோருக்கும் அக்கா.

வாட்ச்மேன். வெளி கேட்டில் இருப்பார். வயதானவர், ஆனால் தூங்காதவர்.

அவ்வளவுதான். மூன்று பேர். நான்காவதாக ஒருத்தி இருந்தாளா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நம்பச் சொல்லி யாரிடமும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான்.

நான் காலேஜை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன். வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஒற்றை அறை எடுத்துத் தனியாக வந்துவிட்டேன். பகலில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் இரவு வேலை தேடியபோது, சேர்த்துவிட்டது அக்காதான். வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். நான் பெஞ்சிலேயே தூங்கிப்போனால் என் பீஸையும் சேர்த்துப் பார்த்து முடித்துவிடுவாள். அவள் டிபன் பாக்ஸில் பாதி எனக்கு. தினமும். கேட்டுக் கொடுத்ததில்லை, கொடுத்துச் சொல்லிக்காட்டியதும் இல்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில், அம்மா என்னை வீட்டில் 'உருண்டை' என்று கூப்பிடுவாள் என்று சொல்லிவிட்டேன். சின்ன வயதில் அப்படி இருப்பேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உன்னைப் பாத்தா குச்சி மாதிரி இருக்கே. எங்கடா போச்சு அந்த உருண்டை?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. அம்மா போனப்புறம் அந்தப் பேரு யாருக்கும் தெரியாது."

"சொல்ல மாட்டேன்டா. சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை, கடைகளிலிருந்து திரும்பி வரும் பொம்மைகளைச் சரிபார்ப்பது. அதிகம் வருவது ராணிக் கண்ணாடி. சிறுமிகளுக்கான அலங்கார மேசை அது. ரோஸ் கலர் பிளாஸ்டிக். நடுவில் முட்டை வடிவக் கண்ணாடி, சுற்றிலும் குட்டி பல்புகள். பக்கத்தில் வயரில் தொங்கும் ஹேர் டிரையர், பிரஷ், லிப்ஸ்டிக். எல்லாமே பொய். சூடும் வராது, கலரும் வராது. முகத்தில் வைத்தால் சத்தம் மட்டும் வரும்.

ஐந்து கட்டம். தலைமுடி, கண், கன்னம், உதடு. ஒவ்வொன்றுக்கும் 'கண்ணை மூடிக்கோ' என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஐந்தாவதாக, 'இப்போ கண்ணைத் திற!' பல்புகள் மொத்தமும் எரியும். குழந்தை கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் கைதட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் அது 'உன் பேர் என்ன?' என்று கேட்கும். சொல்லும் பெயரைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். பெயர் மட்டும் சொன்னவர் குரலில் வரும். மிச்சமெல்லாம் பொம்மையின் குரல்.

பெஞ்சுக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தார்கள். சோதனையின்போது சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. 'ஒன்று' என்று மட்டும் சொல்ல வேண்டும். 'ஒன்று, நீ ரொம்ப அழகு!' என்று பொம்மை கொஞ்சும். முடிந்ததும் பின்னாலிருக்கும் ஓட்டையில் குண்டூசியை விட்டுப் பத்து நொடி அழுத்தினால் பெயர் அழிந்துவிடும். ஒரு ராத்திரிக்கு அறுபது பீஸ். மூன்று மணிக்குமேல் தூக்கத்தில் வாய் குழறும். 'ஒன்று' என்பதற்குப் பதிலாகச் சொந்தப் பெயர் வந்துவிடும். எல்லோருக்கும் நடந்திருக்கிறது. அழித்துவிட்டு அடுத்ததை எடுப்போம்.

ஆனால் ஏழாம் தட்டில் ஒரு பீஸ் மாதக்கணக்காகக் கிடந்தது. அக்காவின் பீஸ். வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

எனக்கு முன்னால் என் இடத்தில் ஒரு பெண் இருந்தாளாம். வாய் ஓயாதவள் என்பதால் வாயாடி என்று பெயர். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் பாக்ஸை முழுசாக என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க?"

"பசிக்கல."

1:50க்கு என் பெஞ்சுக்கு வந்தாள்.

"தம்பி, ஏழாம் தட்டுல இருக்கறத இன்னிக்கு முடிச்சிடு. சவுண்ட் ரூம்ல வச்சுப் பாரு."

"அது உங்க செல்லப்பிள்ளையாச்சே."

"இடுப்பு போச்சுடா. குனிய முடியல."

"வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கங்கக்கா."

இதற்கு அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

சவுண்ட் ரூம் என்பது பொம்மைகளின் குரலைச் சோதிக்கும் சின்ன அறை. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச். தடித்த கதவு, அதில் உள்ளங்கை அளவு கண்ணாடி. கதவு தானாகத் திறந்துகொள்வதால் வெளியே ஒரு தாழ்ப்பாள். லைட் சுவிட்சும் வெளியேதான். உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டிஜிட்டல் கடிகாரம்.

2:05. உள்ளே போய் பெட்டியைப் பிரித்தேன். அடியில் புகார்ச் சீட்டு மடங்கிக் கிடந்தது. ஏதோ ஒரு தாயின் கையெழுத்து.

'என் மகள் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள். டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்கிறார். இதை எடுத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு வேறு பொம்மை அனுப்ப வேண்டாம்.'

இரண்டு முறை படித்தேன். விளையாட்டுக்கு எழுதியதாகத் தோன்றவில்லை.

2:09. சுவிட்சைப் போட்டேன். பல்புகள் எரிந்தன. 'உன் பேர் என்ன?' என்று கேட்க வேண்டும்... கேட்கவில்லை.

அப்படியென்றால் உள்ளே ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

குண்டூசியை விட்டு அழுத்தினேன். பத்து நொடி. மறுபடி போட்டேன். கேட்கவில்லை. இன்னொரு முறை. இருபது நொடி.

2:13. கண்ணாடி பேசியது.

"உருண்டை..."

அக்காவின் குரல்.

"...வா, உன்னை அழகாக்கலாம்!" இது பொம்மையின் குரல்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கதவுக் கண்ணாடியில் அக்காவின் முகம். சிரிக்கவில்லை.

எழுந்து கைப்பிடியைத் திருகினேன். திரும்பியது. கதவு திறக்கவில்லை.

"அக்கா, தாழ்ப்பாள் விழுந்திருச்சு. திறங்க."

ஸ்பாஞ்ச் என் குரலைக் குடித்துவிட்டது. கதவைத் தட்டினேன். அவள் கை மேலே போனது. திறக்கத்தான் போகிறாள் என்று ஒதுங்கி நின்றேன்.

'டக்.'

லைட்டை அணைத்துவிட்டாள்.

2:16. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. இருட்டில் அந்தச் சிவப்பு எண்கள்தான் முதலில் தெரிந்தன. பிறகு பல்புகள். ஒவ்வொன்றாக... தாமாக...

"உருண்டை, உக்காரு."

அந்தப் பொம்மைக்கு 'உக்காரு' என்று ஒரு வசனமே கிடையாது. ஆயிரம் பீஸ் கேட்டவன் சொல்கிறேன்.

உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கால் மடங்கியது.

"கண்ணை மூடிக்கோ."

மூட மாட்டேன் என்று இருந்தேன். இமைமேல் ஏதோ பட்டது. விரல். மிகச் சின்ன விரல். மெதுவாக இழுத்து மூடியது.

ஹேர் டிரையர் சத்தம். 'உய்ய்ய்...'

பின்கழுத்தில் சூடு.

சூடு வராத பொம்மை அது.

'சரக்... சரக்...' பிரஷ். புருவத்தில் ஈரமாக ஓடியது. முகத்துக்கு வெகு அருகில் யாரோ மூச்சை அடக்கி, கவனமாக வேலை செய்வது போல... குழந்தைகள் படத்துக்குக் கலர் அடிக்கும்போது அப்படித்தான் மூச்சு விடுவார்கள்.

கன்னம். வட்டம் வட்டமாக.

"உருண்டை, நீ ரொம்ப அழகு!"

அந்தப் பெயரை அம்மாவுக்குப் பிறகு ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். ஒரு விரலால் திறக்கலாம்... திறக்கவில்லை. பயத்தைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

உதடு.

அழுத்தி... கோட்டுக்கு வெளியே...

சத்தம் நின்றது.

காதருகில் ஒரு சிரிப்பு.

"இப்போ..."

கதவு படாரென்று திறந்தது.

"கண்ணைத் தொறக்காத!" வாட்ச்மேன் குரல். "செத்தாலும் தொறக்காத. மூடியே இரு."

முரட்டுத் துண்டு ஒன்று என் முகத்தில் விழுந்தது. கட்டி, இழுத்து, வெளியே தள்ளிக்கொண்டு போனார். பின்னால் அது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. "...கண்ணைத் திற! கண்ணைத் திற! கண்ணைத் திற!"

வாட்ச்மேன் நோட்டில் நேரம் இருக்கிறது. 2:31.

கேட்டுக்கு வெளியே வந்துதான் துண்டை அவிழ்த்தார். வெள்ளைத் துண்டு. அதில் சிவப்பு, ரோஸ், கறுப்பு. டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருக்குழாயில் கழுவினேன். உதட்டுச் சிவப்பு மட்டும் இரண்டு நாள் போகவில்லை.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் பீடியைப் பற்றவைத்தார். 

"ரவுண்டு வந்தேன். உன் அக்கா வாசல்ல நின்னுட்டு, 'உள்ள டெஸ்ட் நடக்குது, தொறக்காதீங்க'ன்னா. போன தடவையும் அதேதான் சொன்னா, தம்பி. வாயாடி உள்ள இருந்தப்போ. அப்போ நானும் நம்பிட்டுப் போயிட்டேன். இன்னிக்கு அவளைத் தள்ளிட்டுத் தொறந்தேன்."

"வாயாடிக்குக் கல்யாணம்னு..."

"கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. அவங்க அம்மா வீட்டுலதான் கிடக்கா. கண்ணைத் தொறக்கறதே இல்ல. யாராச்சும் தொறக்க வந்தா கத்துறா. நான் போய்ப் பார்த்தேன். இமை ரெண்டுலயும் அந்தக் கலர் இன்னும் இருக்கு."

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. மிச்சச் சம்பளத்தையும் கேட்கவில்லை. காலேஜை விட்டபோது ஆயிரம் காரணம் சொன்னேன். இதற்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, பட்டப்பகல் நாலு மணிக்கு என் அறைக் கதவு தட்டப்பட்டது.

அக்கா. முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். கேட்காமலேயே உள்ளே வந்து நின்றாள். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு.

"மன்னிப்பு கேக்க வரலடா. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"முதல்ல நான்தான் தூக்கத்துல அந்தப் பீஸ்கிட்ட என் பேரைச் சொல்லித் தொலைச்சேன். அழிக்க முடியல. மாத்த மட்டும்தான் முடிஞ்சது. வாயாடி பேரைச் சொன்னேன். அவளோட முடிஞ்சிடும்னு நெனச்சேன். அவளுக்கு அப்புறம் திரும்ப என்னையே கூப்பிட்டுச்சு..."

"உடனே நான் ஞாபகத்துக்கு வந்தேனா?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்கடா."

"எனக்கு ஒரு அக்கா இருந்தா."

அவள் முந்தானையை இறக்கினாள். கறுத்த புருவம். கன்னத்தில் வட்டம் வட்டமாக ரோஸ். உதட்டைத் தாண்டி மோவாய்வரை இழுத்த சிவப்பு. நாலு கட்டமும் முடிந்திருந்தது.

"நேத்து கரெண்ட் போச்சு. அதுல பிழைச்சேன். இன்னிக்கு ராத்திரி அஞ்சாவது. அந்த ரூமுக்குப் போக மாட்டேன்னு இருந்தாலும் கால் போகுதுடா. வேற பேரு சொல்லிப் பார்த்துட்டேன், எடுத்துக்க மாட்டேங்குது. நீ வந்து மாத்திக் குடு. உன் குரல்லதான் கூப்பிடுது, நீ சொன்னா எடுத்துக்கும்."

"என் குரல்லயா?"

"நத்தைன்னு கூப்பிடுது. நான் மெதுவா நடப்பேன்னு எங்கப்பா வச்ச பேரு. அவர் செத்து முப்பது வருஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. உனக்கு எப்படிடா தெரிஞ்சது?"

எனக்குத் தெரியாது. அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தக் கண்ணாடியிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதன்மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

"மாத்திட்டு, யார் பேரைச் சொல்றது?" என்றேன்.

அக்கா தரையைப் பார்த்தாள்.

"புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. உன் பெஞ்சுலதான். வீட்டுல ஏதோ செல்லப்பேரு சொன்னா..."

"சாப்பாட்டுல பாதி குடுக்கறீங்களா?"

அவள் நிமிரவில்லை. கொடுக்கிறாள்.

நான் கதவருகே போய் நின்றேன். அவளுக்குப் புரிந்தது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

நாலாவது படியில் இருக்கும்போது, கீழே படிக்கட்டின் இருட்டு மூலையிலிருந்து என் குரல் கேட்டது.

"நத்தை..."

அக்கா நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாய் மூடியிருந்ததை அவளும் பார்த்தாள்.

நான் கதவைச் சாத்தினேன். பூட்டினேன்.