நெஞ்சுக் குழாயில் வந்த வெள்ளை

என் தம்பி அவன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அடித்தான். கோயமுத்தூரில், இருதய ஆபரேஷன் செய்கிற மாடியில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கன்னத்தில் விழுந்த முதல் அடியில் அவள் தலை சுவரில் போய் மோதியது. அடுத்த அடியில் அவன் விரல் தோட்டில் மாட்டிக் காது மடல் கிழிந்தது. ரத்தம் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கைத் தோளை நனைத்தது.

"பாப்பாவுக்குப் பால் குடுத்தயா இல்லையாடி? உள்ளதைச் சொல்லு!"

"குடுக்கலங்க. எம்புள்ள மேல சத்தியம். அடிக்காதிய."

"அப்பறம் எப்படிடி பாட்டல்ல பாலா வருது?"

குழந்தைக்கு அப்போது நாலு வயது. இருதயத்தில் பாதிதான் வேலை செய்கிறது என்று பிறந்த உடனே சொல்லிவிட்டார்கள். நாலடி ஓடினால் உதடு நாவற்பழமாக நீலம் பாய்ந்துவிடும். கெட்ட ரத்தத்தை இருதயத்துக்குப் போகவிடாமல் நேராக நுரையீரலுக்குத் திருப்பிவிடுகிற ஆபரேஷன் செய்திருந்தார்கள். நெஞ்சை நடுவில் பிளந்து தைத்திருந்தது. விலாவில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டலில் விட்டிருந்தார்கள். முதலில் அதில் ரத்தம் வந்தது. பிறகு சாயம் போன தண்ணீர் மாதிரி வந்தது. குழந்தை வாய்வழியாகச் சாப்பிட ஆரம்பித்ததும் வெள்ளை வெளேரென்று பால் வந்தது.

டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்து விளக்கினார். நாம் தின்கிற கொழுப்பு நேராக ரத்தத்தில் சேராதாம். வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறுகிற, நூல் கனமே உள்ள ஒரு குழாய் அதைச் சுமந்துகொண்டு போகுமாம். அது எங்கேயோ விட்டுக்கொண்டு ஒழுகுகிறது, ஒழுக்கு நிற்காவிட்டால் குழந்தையின் சத்தெல்லாம் வடிந்து உயிருக்கே ஆபத்து என்றார். பால், நெய், மஞ்சள் கரு, வீட்டு எண்ணெய் எதுவும் ஆகாது. கொழுப்பே இல்லாமலும் வளர்கிற பிள்ளை இருக்க முடியாது என்பதால், அந்தக் குழாய்க்குப் போகாமல் நேராக ரத்தத்தில் சேர்கிற ஒரு எண்ணெயை எழுதிக்கொடுத்தார். அது டப்பாவில் வரும். அதைக் கஞ்சியில் விட்டு ஊட்ட வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட என் தம்பி, பால் கொடுத்தால்தானே பால் வரும் என்ற ஒன்றைத்தான் மண்டையில் ஏற்றிக்கொண்டான். அவள் கேண்டீனில் ஒரு தம்ளர் பால் வாங்கியதைப் பார்த்திருக்கிறான். அது அவளே பசிக்குக் குடித்த பால். அன்றிலிருந்து கஞ்சித் தம்ளரை அவளைத் தொடவிடாமல் அவனே ஊட்டினான். அப்படியும் பாட்டல் வெள்ளையாகவே நிறைந்தது. அவன் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அவள் பால் ஊட்டுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டான்.

அவள் தெற்கத்திச் சீமையிலிருந்து பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவள். எங்களுக்குச் சேவூரில் தென்னந்தோப்பு, மானாவாரிக் காடு, பேர் எல்லாம் உண்டு. இவன் பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து போய் நின்றவள் நான் ஒருத்திதான். வேலம்பாளையத்தில் என் சொந்தக் கம்பெனியில் அத்தனை ஆண்பிள்ளைகளை அதட்டி வேலை வாங்குகிறவள் நான், எவனுக்கும் பயந்ததில்லை. அப்படி விரும்பிக் கட்டியவன் அன்றைக்கு வராந்தாவில், "தெக்கத்திப் புத்தியைக் காட்டிட்டா பாரு" என்று கத்தினான்.

நான் செருப்பைக் கழற்றினேன். முதுகில், தோளில், திரும்பியவன் முகத்தில், கை போன இடத்திலெல்லாம் வைத்தேன்.

"இன்னொருக்கா அவளைத் தொட்டயின்னா உன்ற கையை முறிச்சுப் போடுவன். கூடப் பொறந்தவன்னு பார்க்கமாட்டேன்!"

"நீ அவளுக்கே பேசு. எம்புள்ள செத்துட்டிருக்குதுக்கா!"

பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் நடுவில் வந்து விழுந்தார். "போதுமுங்கக்கா, உட்டுருங்க. அவரையும் இங்கயே பெட்டுல போடற மாதிரி ஆயிருமுங்க."

நர்ஸ் வந்து அவள் காதுக்கு இரண்டு தையல் போட வைத்தார். தையல் முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். "மதினி, பாப்பா குடிச்ச பால் அப்படியே வருதுன்னா, சோறு ஏன் சோறா வரலன்னு அவியகிட்ட கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஒழுக்கு நிற்கவில்லை. குழந்தையின் விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி எழும்பியது. எங்கே விட்டிருக்கிறது என்று படம் பிடித்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். கால் விரல் இடுக்கில் மருந்தை ஊசியாகப் போட்டால் அது அந்த நூல் குழாய்கள் வழியாகவே மேலே ஏறும், ஏறுவதை மிஷின் காட்டும் என்றார்கள்.

அந்த ஊசியை நான் மறக்கமாட்டேன். விரல் இடுக்கு எவ்வளவு மெல்லிய தோல். தோளை நான் அமுக்கினேன், இடுப்பை அவள் அமுக்கினாள், கால்களை இரண்டு நர்ஸுகள் பிடித்தார்கள். ஊசி இறங்கியதும் குழந்தை அலறிய அலறலில் நெஞ்சுத் தையல் பிரிந்துவிடுமோ என்று நடுங்கினேன்.

"அத்தே, அவளைக் கொன்னு போடு! அத்தே, அவளை அடி!"

"அடிக்கறன் கண்ணு, வெளிய போனதும் அடிக்கறன்" என்றேன். ஊசி போட்ட பெண், "சரிங்க, நானே வந்து நிக்கறன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்தப் படத்துக்குப் படிப்பு வேண்டியதில்லை. கம்பெனியில் துணியை விளக்கு மேஜையில் இழுத்து ஓட்டை பார்ப்போமே, அந்த மாதிரிதான் இருந்தது. கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாகக் காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து வயிற்றுக்கு ஏறியது. நெஞ்சுக்கு வந்ததும் கோடு அறுந்து ஒரு பக்கமாகக் கொட்டிப் பரவியது.

"இங்கதாங்க விட்டிருக்கு" என்று டாக்டரம்மா விரல் வைத்தார். "யார் பால் குடுத்தாலும் குடுக்காட்டியும் இது ஒழுகத்தான் செய்யும். கொழுப்பு உள்ள போனா இன்னும் அதிகமா ஒழுகும். அதான் எனக்குப் புரியல. டப்பா எண்ணெய் தவிர வேற எதுவும் போகலைன்னா இவ்வளவு வெள்ளையா வரக்கூடாது."

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "எண்ணெய்க்கு ஒரு குறையும் இல்லீங்க மேடம். நானே கையால ஊட்டறனுங்க."

"அந்த டப்பாவைக் கொண்டு வாங்க."

கொண்டுவந்தான். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். எனக்கே இரண்டடி தள்ளி வாசம் வந்தது. செக்கில் புதிதாக ஆட்டின தேங்காயெண்ணெய்.

"இது என்னங்க?"

"எங்க தோப்புக் காயிங்க. டப்பா எண்ணெயே தேங்காயில இருந்துதான் எடுக்கறதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. தோப்பு வெச்சிருக்கறவன் எதுக்குங்க கடை எண்ணெயைக் குடுக்கோணும்? கலப்படம் இல்லாம நானே நின்னு ஆட்டி, இந்த டப்பாவுலயே ஊத்தி வெச்சேன்."

"தேங்காயிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிரிச்செடுக்கறதுங்க அது! முழு எண்ணெய் அந்தக் கிழிஞ்ச குழாய்க்குத்தான் போகும். வேளா வேளைக்கு நீங்களே ஊத்தி ஒழுக விட்டிருக்கீங்க!"

மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி பெண்டாட்டி எழுந்தாள். டப்பாவைப் பிடுங்கி அவன் நெற்றியில் ஓங்கி அடித்தாள். எண்ணெய் அவன் முகத்திலும் சட்டையிலும் வழிந்தது. மறுபடி அடித்தாள். புருவம் பிளந்து ரத்தமும் எண்ணெயும் சேர்ந்து ஓடியது. "கொன்னுருப்பியளே, எம்புள்ளயக் கொன்னுருப்பியளே" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். வார்டுக்காரன் தடுக்க ஓடிவந்தான். நான் குறுக்கே நின்று அவனை விடவில்லை. தம்பியும் கையைத் தூக்கி மறைக்கவில்லை.

இனிக் காத்திருக்கக் குழந்தைக்குத் தெம்பில்லை என்று மறுபடி விலாவைத் திறந்து, படத்தில் பார்த்த இடத்துக்குக் கீழே அந்தக் குழாயைக் கட்டினார்கள். பாட்டலில் வருவது குறைந்தது, வெளுப்புப் போய்த் தெளிந்தது, பிறகு நின்றது.

குழாயை உருவிய அன்று குழந்தையை நான்தான் மடியில் இறுக்கியிருந்தேன். சரக்கென்று டாக்டரம்மா இழுத்ததும் குழந்தை என் முன்கையைக் கவ்விக் கடித்தது. பல் சதைக்குள் இறங்கியது. நாலு நாளைக்கு முன்னால் அதற்குக் கஞ்சி விழுங்கக்கூடத் திராணி இல்லை. நான் கையை இழுக்காமல் கடிக்க விட்டேன்.

நெற்றியில் கட்டோடு தம்பி கதவோரம் நின்றிருந்தான். இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவள் அவனை உள்ளே விடவில்லை.

"பாப்பாவை ஒருக்கா பார்த்துட்டுப் போயிர்றனே" என்றான்.

அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னாள். "கையைப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க."

சேவூர்த் தோப்புக்காரன், கட்டிக்கொண்டுதான் வந்தான். அவள் ஊட்டி முடிக்கும்வரை அப்படியே நின்றான்.