மூன்றாம் கண்ணில் இருந்தவள்

பிழைப்புக்கு நான் எழுதுவது நோட்டீஸ். தஞ்சாவூரில் ஒரு அச்சகத்தில் உட்கார்ந்து, கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடும், பயிருக்கு எப்போது உரம் போடலாம், கேஸ் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஜனங்கள் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுக்கிறேன். "உங்க நோட்டீஸ் மட்டும் கதை மாதிரி இருக்குங்க. வடை மடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடறாங்க" என்பார் அச்சகக்காரர். நானும் சிரித்து வைப்பேன். கதை மாதிரி நான் எழுதிய முதல் நோட்டீஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கணுக்கால் சில்லிட்டுப் போகிறது.

அப்பா லஸ்கர். ஆற்று மதகின் ஷட்டர்களை ஏற்றி இறக்கித் தண்ணீரைப் பிரித்து விடும் வேலைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். குடவாசலுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த எங்கள் மதகுக்கு ஏழு கண், கண்ணுக்கு ஒரு ஷட்டர். ஷட்டர் இறங்கியிருக்கும்போது கண்களுக்குக் கீழே தண்ணீர் குளமாகத் தேங்கி நிற்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் குதிப்பதுதான் விளையாட்டு. ஷட்டர் ஏறினால் அதே தண்ணீர் ஆளைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அதனால் ஏற்றுவதற்கு முன்னால் லஸ்கர் விசில் ஊத வேண்டும் என்பது விதி.

எனக்கு அப்போது பத்து வயது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மதகடிக் கரும்பலகையை என்னிடம் ஒப்படைத்திருந்தார் அப்பா. "மதகின் கீழ் குளிப்பது ஆபத்தானது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று குண்டு குண்டாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். பையன்கள் அந்தப் பலகையின் மேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தார்கள்.

சித்தப்பா குடவாசலில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்தார். பூப்புனித நீராட்டுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் வாசகம் எழுதி எழுதி, எழுத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு. என் பலகையைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யாரு படிப்பா இதை? தாலுகா ஆபீஸ்ல ஒட்டுன மாதிரில்ல இருக்கு! ஒரு ஆளைப் போடு. அதுக்குத் துணிமணி போடு. கண்ணுல நிக்கிற மாதிரி ஒரு சாமானை வை. அப்புறம் பாரு, எவன் குதிக்கிறான்னு."

சாமான் என்றதும் எனக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. அப்பாவின் தகரப் பெட்டியில் ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் அடியில், பழந்துணியில் சுற்றி ஒற்றைக் கொலுசு ஒன்று இருந்தது. சின்னப் பிள்ளையின் கால் அளவு. திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு நைலான் நூல் கட்டியிருந்தது. பெட்டியைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்ததால், அதைப் பார்த்ததாக நான் மூச்சுக்கூட விட்டதில்லை.

பலகையை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "மூன்றாம் கண்ணுக்குக் கீழே ஒரு பெண் இருக்கிறாள். பச்சைப் பாவாடை கட்டியிருப்பாள். அவளுடைய ஒரு கொலுசு காணாமல் போய்விட்டது. அதில் திருகாணிக்குப் பதில் சிவப்பு நூல் இருக்கும். தண்ணீரில் குதிக்கிறவர்களின் காலை அவள் தடவிப் பார்ப்பாள், தன் கொலுசா என்று. சரியாகத் தெரியாவிட்டால், கிட்டத்தில் வைத்துப் பார்க்கக் கீழே இழுத்துக்கொள்வாள்."

சித்தப்பா அதைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார். அன்று சாயங்காலம்தான் அப்பா படித்தார். தோளில் கிடந்த துண்டால் பலகையை அழுத்தித் துடைத்தார். "நோட்டீஸுன்னா நோட்டீஸா இருக்கணும்" என்றதோடு சரி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் கதை கிளம்பிவிட்டிருந்தது. ஒருவன் தன் கணுக்காலில் சில்லென்று விரல் பட்டதாகச் சத்தியம் செய்தான். இன்னொருத்தன் பட்டப்பகலில் தண்ணீருக்குள் சலங்கைச் சத்தம் கேட்டதென்றான். ஒரு வாரத்தில் மதகடியில் ஈ காக்கை இல்லை. எழுதியவள் நானென்ற பெருமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மூன்றாம் கண்ணைத் தாண்டும்போது நானே ஓட ஆரம்பித்தேன். அங்கே மட்டும் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. யாரும் இறங்காத தண்ணீரில் வளையம் வளையமாக ஏதோ கிளம்பி அடங்கியது. மீன்தான் என்று சொல்லிக்கொண்டேன், நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் அப்பா ஷட்டர்களுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். குடை பிடித்த ஒரு அம்மாள் ஆற்றங்கரையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"பாப்பா, போன்ல வந்துச்சே, அது நீ எழுதுனதா?"

தலையாட்டினேன்.

"நூலு என்ன நெறம்னு எழுதியிருந்தே?"

"சிவப்பு."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கொலுசு. அதே முத்து, அதே அளவு. இதில் திருகாணி இருந்தது.

"எம் பொண்ணோடது. எட்டு வருஷம் ஆச்சு. ரெண்டு ஊரு தள்ளி கோரைக்குள்ள ஒதுங்கிக் கெடந்தா. ஒரு காலுல இது இருந்துச்சு. எங்க எறங்குனா, எப்படிப் போனா, ஒண்ணும் தெரியலை. இன்னொண்ணுல திருகாணி தொலைஞ்சுபோச்சுன்னு அன்னைக்குக் காலையிலதான் சிவப்பு நூலு கட்டிவிட்டேன். அது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். உனக்கு யாரு தங்கம் சொன்னா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். கைப்பிடியில் இருந்த அவர் கை அப்படியே நின்றிருந்தது. தகரப் பெட்டி அவர் காலடியில் இருந்தது. அதைத் திறந்தது தெரிந்தால் எனக்கு விழப்போகும் அடி கண்முன் வந்தது.

"அந்தப் பொண்ணுதான் சொன்னுச்சு," என்றேன். "தண்ணியிலேர்ந்து."

சொன்ன மாத்திரத்தில் எனக்கு முதுகுப் பக்கம் யாரோ ஈரத்தோடு நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

அந்த அம்மாள் அழவில்லை. குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தாள். "பயந்தாளா?"

"இல்ல. கொலுசத் தேடுறேன்னு மட்டும் சொன்னுச்சு."

அவள் மெல்ல நடந்து மூன்றாம் கண்ணுக்கு மேலே போய் நின்றாள். கையிலிருந்த கொலுசைத் தண்ணீரில் விட்டாள். பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோல, "இந்தா, இதைப் போட்டுக்க. புள்ளைங்க காலத் தொடாதடி, பயந்துக்கும்ங்க. இனிமே தேடாத" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

அன்று தண்ணீர் விடுவதற்கு முன் அப்பா மூன்று முறை விசில் ஊதினார். பிறகு கீழே இறங்கி ஏழு கண்ணையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். போன வருஷம் ரிடையர் ஆகும்வரை அதை அவர் விடவில்லை. ஊரில் அவருக்கு நல்ல லஸ்கர் என்று பெயர். விசிலைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு வந்த அன்றுதான் என்னிடம் சொன்னார்: "அன்னைக்கு நான் விசில் ஊதலம்மா. கோடையில சேறு வாரும்போதுதான் அந்தக் கொலுசு கையில தட்டுப்பட்டுச்சு." என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. தகரப் பெட்டி எப்போதோ காலியாகியிருந்தது.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் பெட்டியைத் திறந்தது தெரிந்தும் அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான். எனக்கு அவர்மேல் அவ்வளவு பாசம் பொங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றேன். அந்த வெயிலில் அவர் முதுகு ஏன் அப்படி நடுங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.