வெள்ளை நூலுக்குள் நீலம்

காலை ஏழரை மணிக்குக் கீரனூர் பேருந்து நிலையத்தில் நின்றால் சொர்ணவல்லி அத்தையைப் பார்க்காமல் இருக்க முடியாது. பிச்சைமுத்து மாமா தன் லோடு ஆட்டோவை டீக்கடை ஓரமாக நிறுத்துவார். அத்தை இறங்கி, ஆட்டோவின் பக்கக் கம்பியில் சாப்பாட்டுக் கேரியர்களை ஒவ்வொன்றாக மாட்டுவார். திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவரவர் கேரியரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சாயங்காலம் காலிக் கேரியர் அதே கம்பிக்குத் திரும்பும்.

யார் என்ன சாப்பிடுவார்கள் என்பதற்கு அத்தையிடம் எழுத்து எதுவும் கிடையாது. கேரியர் பிடியில் கட்டிய நூல்தான். வெள்ளை நூல் என்றால் சைவம். மஞ்சள் என்றால் முட்டை உண்டு. நீலம், மீன் உண்டு, கறி கிடையாது. சிவப்பு எல்லாம் சாப்பிடுகிறவர்களுக்கு. அதில் ஒரு முடிச்சு இருந்தால் செவ்வாயும் வெள்ளியும் சைவம். சிவப்பையே பாதியாக வெட்டிக் கட்டியிருந்தால் கறிக்குழம்பு ஊற்றலாம், துண்டு போடக் கூடாது. அப்படியும் சிலர் இருந்தார்கள். "துண்டு விழுந்தா சாமி கோவிச்சுக்கும், சாறுக்குக் கோவிக்காது போல" என்று மாமா அவர்களைக் கிண்டல் செய்வார்.

நான் உணவியல் படித்தவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். படித்து முடித்து வேலை கிடைக்காமல், திருச்சியில் ஒரு தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு அதே பஸ்ஸில்தான் போய்வருகிறேன். அத்தை எங்கள் பக்கத்து வீடு. கல்லூரியில் படித்ததை யாரிடமாவது சொல்லிக்காட்ட வேண்டும் போல இருந்த ஒருநாள் அத்தையிடம் ஆரம்பித்தேன்.

"அத்தை, ஒங்க நீல நூலுக்கு இங்கிலீஷ்ல பெஸ்கடேரியன்னு பேரு."

"யாருக்கு, மீனு விக்கிறவனுக்கா?"

"திங்கிறவங்களுக்கு. எப்பவாச்சும் மட்டும் கறி தின்னா ஃப்ளெக்ஸிடேரியன்."

"எங்கண்ணன் அதான்டி. யாராச்சும் விருந்துக்குக் கூப்புட்டாத்தான் கறி திம்பான்."

மாமா ஆட்டோவுக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். "பாலும் வேணாம், தயிரும் வேணாங்கிறவனுக்கு?"

"வீகன் மாமா."

"அப்ப அவனுக்கு டீ?"

"பால் இல்லாமத்தான்."

"அடப் பாவமே" என்று அவர் தன் டீயை உடனே குடித்து முடித்தார்.

"ஒங்களுக்கு என்ன நூலு அத்தை?" என்றேன்.

"எனக்கெதுக்குடி நூலு? மிஞ்சுறதத் திங்கிறவ நான்."

அத்தை பிறந்தது ஆவுடையார்கோவிலுக்கும் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில். கல்யாணமாகிக் கீரனூர் வந்த பிறகு, திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஒருநாள் கோழிக்குழம்பில் கிடந்த கரண்டியை எடுத்துத் தலைமைச் சமையல்காரர் சாம்பாரில் போட்டுக் கிண்டினாராம். அத்தை சொல்லியும் கேட்கவில்லை. "வெந்துருச்சுன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்றாராம். சைவப் பிள்ளைகள் அந்தச் சாம்பாரை வாங்கி இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டு போனதை அத்தை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் கோணும். "தெரியாமக் குடுக்குறது சோறா? திருட்டுடி அது" என்பார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சொந்தமாக ஆரம்பித்தார்.

கொட்டகையில் இரண்டு அடுப்புகள், நடுவில் இடுப்புயரச் சுவர். வெள்ளை நூல் கேரியர்களுக்கு முதலில் சமைத்து, அடைத்து, மூடி, ஆட்டோவில் ஏற்றிய பிறகுதான் மற்ற அடுப்பு பற்றும். அந்த அடுப்பின் கரண்டி சுவரைத் தாண்டி நான் பார்த்ததில்லை. கீரனூரில் இன்னும் எத்தனையோ பேர் சோறு கட்டிக் கொடுக்கிறார்கள். பரம்பரைச் சைவர்கள்கூட நம்பி வாங்கியது அத்தையிடம் மட்டும்தான். கோயில் விரதம் தவறாத முத்துராமன் சார் வாங்கினார் என்றால் வேறு சாட்சி வேண்டாம்.

காமாட்சி அக்காவும் வெள்ளை நூல்தான்.

காமாட்சி அக்காவும் கடற்கரைப் பக்கத்துப் பெண். திருச்சியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொன்னபோது, எங்கள் வீட்டு வாசலில் நின்று "அவ படிக்கட்டுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று பேசியவர் அவர். அவர் கைப்பையை மாட்டும் விதத்தைக்கூட நான் பார்த்துப் பழகியிருக்கிறேன். கூடப் படித்த ராமைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். ராம் வீடு இதே கீரனூரில், சுத்த சைவம். மீனை விட்டுவிடுகிறேன் என்று மாமியார் கையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகே கல்யாணம் நடந்தது.

அவரால் விட முடியவில்லை. ஒருநாள் அத்தையின் கொட்டகைக்கு வந்து, கொதிக்கிற சங்கரா மீன் குழம்பின் பக்கத்தில் நின்று அழுதாராம். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "நம்ம பக்கத்துப் புள்ள, வாயக் கட்டிப்போட்டா எத்தனை நாளைக்குத் தாங்கும்?" புதன்கிழமைகளில் மட்டும், காமாட்சி அக்காவின் கேரியரை மற்ற அடுப்புப் பக்கம் கொண்டுபோய் அடித்தட்டில் மீன் வைத்தார். மேல்தட்டில் தயிர்சோறு. அந்தக் கேரியரின் வெள்ளை நூலுக்குள் மட்டும் ஒரு நீல இழையைச் சேர்த்து முறுக்கியிருந்தார். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். நான் ஒருநாள் பார்த்துவிட்டேன். "கண்ணு பாத்தத வாய்கிட்ட சொல்லாத" என்றார் அத்தை. அவர் வாழ்க்கையில் அவர் போட்ட கோட்டை அவரே தாண்டிய ஒரே இடம் அது. அதுவும் இன்னொருத்திக்காக.

இந்த ஆண்டு ராமின் தங்கை ப்ரியங்காவுக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. அவளும் அத்தையிடமே சாப்பாடு சொன்னாள். ஒரே வீடு, ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிக் கேரியர்கள். இரண்டிலும் வெள்ளை நூல்.

"இனிமே மீனு வேணாம் காமாச்சி. மாறிக்கீறிப் போச்சுன்னா?" என்று அத்தை சொல்லிப்பார்த்தார்.

"எங் கேரியர எனக்குத் தெரியாதாக்கா? அடியில நசுங்கியிருக்கும். நான் பாத்துக்கிறேன்."

கூட்டமான பஸ்ஸில் நிற்கிறவர்கள் கேரியரை ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடிமேல் வைத்துவிடுவது வழக்கம். இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள். அந்தப் புதன்கிழமை காமாட்சி அக்காவுக்கு முன்னால் ப்ரியங்கா இறங்கினாள். முன்னால் இருந்த கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் அவள் அலுவலகத்தில் அடித்தட்டைத் திறந்தபோது உள்ளே சங்கரா மீன் இருந்தது.

அன்று சாயங்காலம் நான் அத்தை வீட்டில் இருந்தபோது காமாட்சி அக்காவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் அத்தை பேசுவார்.

"அக்கா, நீங்க எதுவும் பேசிறாதீங்க. நாளைக்கு அங்கன வந்து நானே சொல்லிக்கிறேன். ஆபீஸ்ல ஒருத்தவங்களுக்காக நான்தான் கேட்டு வாங்குனேன்னு சொல்லிருவேன். ஒங்க பேரு கெடாது. சத்தியமாக்கா."

"சரி தாயி. நீ சொல்லிரு, போதும்" என்றார் அத்தை.

மறுநாள் காலை ஆட்டோவைச் சுற்றிக் கூட்டம். ப்ரியங்கா வந்ததும் வராததுமாகக் கத்தினாள்.

"எங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்கல. மீனு அள்ளுன கையில எங்களுக்குச் சோறு அள்ளுவீங்களா? ஊரெல்லாம் வெள்ளை நூலு, வெள்ளை நூலுன்னு பெரும வேற!"

அத்தை கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு காமாட்சி அக்காவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"காமாச்சி, நீ சொல்லு. எப்பிடி வந்துச்சு மீனு?"

காமாட்சி அக்கா கைப்பையின் வாரைச் சரிசெய்தார். "எனக்கெப்பிடிக்கா தெரியும்? ஒங்கள நம்பித்தான வாங்குறோம். இத்தனை வருசத்துல இதுமாதிரி எத்தனை தடவ மாத்தி வச்சீங்களோ, நாங்களும் தெரியாமத் தின்னமோ."

நான் ஓரடி முன்னால் வைத்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார், நின்றுவிட்டேன். அவர் தடுத்ததால் நின்றேனா, என்னைப் படிக்க வைத்தவரைப் பொய்க்காரி என்று ஊர் நடுவில் சொல்லத் துணிவில்லாமல் நின்றேனா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முத்துராமன் சார் தன் கேரியரை எடுத்தார், வெள்ளை நூலை நிதானமாக அவிழ்த்தார், கம்பியிலேயே தொங்கவிட்டார், கேரியரை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். பஸ் போன பிறகு கம்பி நெடுக வெள்ளை நூல்கள் காற்றில் ஆடின. மாமா ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீ உள்ளத சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார் அத்தையிடம்.

"அவ சொல்லுவேன்னாளே" என்றார் அத்தை. அதையே வீடு போகும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்.

சைவ அடுப்பு பற்றாமல் கிடந்தது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் வாங்குகிறவர்கள் இருந்தார்கள், வியாபாரம் ஓடியது. ஆனால் அத்தை விடுதிக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்தச் சமையல்காரரைப் பற்றிப் பேசும் யோக்கியதை தனக்கு இல்லை என்று ஊர் நினைக்கும் அல்லவா.

புரட்டாசி முடிந்து சில நாள் கழித்து, பஸ்ஸில் காமாட்சி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் காலைக்குப் பிறகு என்னோடு பேசியது அன்றுதான்.

"ப்ரியங்காவுக்குக் கல்யாணம் முடிஞ்சு கோயமுத்தூர் போயிட்டாடி. இந்தக் கேரியர அக்காட்ட குடுத்துரு. புதன்கெழம மட்டும். முன்ன மாதிரியேன்னு சொல்லு, அக்காவுக்குத் தெரியும்."

அடி நசுங்கிய அதே கேரியர். மன்னிப்பு என்று ஒரு சொல்லாவது வரும் என்று இறங்கும்வரை காத்திருந்தேன். படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார்.

அத்தையிடம் கேரியரைக் கொடுத்தேன். சொன்னதைச் சொன்னேன்.

"அவளேவா கேட்டா?"

"ஆமா அத்தை."

"சரி, வையி."

எனக்கு அத்தைமேல்தான் கோபம் வந்தது.

புதன்கிழமை காலை அந்தக் கேரியர் கம்பியின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கியது. பிடியில் நீல நூல். வெள்ளை கலக்காத நீலம், ரிப்பன் கட்டுகிற மாதிரிப் பட்டையாகச் சுற்றியிருந்தது.

காமாட்சி அக்கா வந்தார். கை நீட்டியவர் நூலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். தணிந்த குரலில், "என்னக்கா இது? வெள்ளையில கட்டலையா?" என்றார்.

அத்தை குரலைத் தணிக்கவில்லை. "வெள்ளையில மீனு வச்சா ஊரு என்ன சொல்லுமுன்னு நீதான தாயி காட்டிக்குடுத்த. எடுத்துட்டுப் போ. சங்கராதான்."

டீக்கடையில் நின்ற முத்துராமன் சார் திரும்பிப் பார்த்தார். நடத்துநர் விசில் அடித்தார். காமாட்சி அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"அது யாரு கேரியரும்மா?" என்று முத்துராமன் சார் கேட்டார்.

"எடுக்காதவங்க கேரியரு சார்."

அவர் நீல நூலைப் பார்த்தார், நகரத் தொடங்கிய பஸ்ஸைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார். மறுநாள் அவர் வெள்ளை நூல் கேட்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. மத்தியானம் அத்தை அந்தக் கேரியரைத் திறந்து எனக்கும் ஒரு துண்டு வைத்தார்.

"அவ வந்து எடுப்பான்னா நெனச்சீங்க?" என்றேன்.

"கொஞ்சம் நெனச்சேன்டி" என்றார் அத்தை. மீனை முள் எடுத்துச் சாப்பிடுகிறவர், அன்று வெகுநேரம் முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்.

கேரியரைக் கழுவி, நீல நூலை அவிழ்க்காமல், மறுநாள் மறுபடியும் கம்பியில் மாட்டினார். இன்றும் தினமும் மாட்டுகிறார். காமாட்சி அக்கா அதைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறார். அது அவருடைய சொந்தக் கேரியர். வாங்கிக்கொள்ள இன்னும் வரவில்லை.